ஓட்டு உங்க கையில, எல்லை எங்க வாசல்ல: ஸ்காட்லாந்துல இருக்கற தமிழ் ஓட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், டண்டீ, இன்னும் சின்னச் சின்ன ஊர்கள்ல இருக்கற அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெர்விக்ல இருந்து எழுதறேன். நீங்க லண்டன் ட்ரெயின்ல போறப்ப ஒரு இடத்துல ரொம்ப உசரமான பாலம் வரும், கீழ ட்வீட் ஆறு, இந்தப் பக்கம் கடல், எல்லாரும் போனத் தூக்கி போட்டோ எடுப்பாங்களே, அந்த ஊர்தான். இங்கிலாந்தோட வடக்கு ஓரத்துல கடைசி ஊர், இங்கிருந்து நாலு கிலோமீட்டர் போனா ஸ்காட்லாந்து போர்டு வந்துரும். நான் நர்ஸ். வீடு இங்கிலாந்துல, வேலை ஸ்காட்லாந்துல. பத்து வருஷத்துக்கு மேல தினமும் அந்த போர்டைத் தாண்டிப் போயிட்டு தாண்டி வந்துட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட்ல இருந்தேன். இதையெல்லாம் முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நான் சொல்லப் போற விஷயம் டிவி பாத்து வந்தது இல்ல, இந்த ரெண்டு ஊர்லயும் வாழ்ந்து வந்தது.

ஸ்காட்லாந்து தனி நாடாகணுமான்னு 2014ல ஒரு ஓட்டு நடந்துச்சு, இன்னொரு ஓட்டு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. 2022 நவம்பர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, லண்டன் பார்லிமென்ட் ஒத்துக்காம ஸ்காட்லாந்து பார்லிமென்ட் தானா சட்டம் போட்டு அந்த ஓட்டை நடத்த முடியாதுன்னு. ஆனா பேச்சு நிக்கல, ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் திரும்ப வருது, என்னைக்காவது ஒரு நாள் ரெண்டு அரசும் உக்காந்து பேசி தேதி குறிக்கத்தான் போறாங்கன்னு நான் நம்பறேன். அந்த நாள்ல உங்க கையில ஒரு சீட்டு இருக்கும். என் கையில இருக்காது. அதனாலதான் இந்த மடல்.

ஒண்ணை மட்டும் தெளிவா சொல்லிடறேன், எஸ் போடுங்கன்னோ நோ போடுங்கன்னோ நான் சொல்ல வரல. அது உங்க உரிமை, நீங்க வரி கட்டற, உங்க பிள்ளைங்க படிக்கற நாட்டோட விஷயம், பக்கத்து ஊர்க்காரி வந்து இப்படிப் போடு அப்படிப் போடுன்னா அது தப்பு. நான் கேக்கறது வேற. நம்ம ஊர்ல நிலம் அளக்க சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு ஒரு நோட்டீஸ் போகும் தெரியுமா, இன்ன தேதியில அளக்கப் போறோம், வந்து நில்லுங்க, கல்லு எங்க நடறோம்னு பாத்துக்கோங்கன்னு. நிலம் அவங்களோடது இல்ல, ஆனா வரப்பு ரெண்டு பேருக்கும் பொது. அந்த நோட்டீஸ் 2014ல எங்களுக்கு வரல. அடுத்த தடவை வரணும்னு நீங்க கேக்கணும், ஏன்னா நாங்க கேட்டா யார் காதுலயும் விழாது, ஓட்டு வச்சிருக்கறவங்க கேட்டா விழும்.

2014 செப்டம்பர் 18, அந்த ஓட்டு நாள், எனக்கு நைட் டூட்டி. வார்டு டிவியில சத்தத்தைக் குறைச்சு வச்சு ரிசல்ட் ஓடிட்டு இருந்துச்சு, ராத்திரி ஒன்றரை மணி வாக்குல முதல் ரிசல்ட் கிளாக்மனன்ஷர்ல இருந்து வந்தப்ப கூட வேலை பாத்த ரெண்டு பேருல ஒருத்தங்க கண்ணு கலங்கிருச்சு, இன்னொருத்தங்க பெருமூச்சு விட்டாங்க, ரெண்டு பேரும் பல வருஷமா ஒண்ணா டீ குடிக்கறவங்க. கடைசியில நோ 55.3 சதவீதம், எஸ் 44.7 சதவீதம், ஓட்டு போட்டவங்க 84.6 சதவீதம். 16 வயசுப் பிள்ளைங்க எல்லாம் வரிசையில நின்னு போட்டாங்க, அதைப் பாத்து எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. கலஷீல்ஸ்ல இருக்கற என் ஃபிரண்ட், அவளும் என்னை மாதிரி இந்தியன் பாஸ்போர்ட்தான் அப்ப, காமன்வெல்த் நாட்டுக்காரங்கன்னு அவளுக்கு ஓட்டு இருந்துச்சு. அதே ஆஸ்பத்திரியில அதே யூனிஃபார்ம்ல வேலை பாத்த எனக்கு இல்ல, ஏன்னா நான் தூங்கறது எல்லை தாண்டி. அது நியாயம்தான், எங்கயாவது கோடு போட்டுத்தான் ஆகணும், நான் குறை சொல்லல. ஆனா ரிசல்ட்ல ஒரு விஷயம் கவனிங்க. கிளாஸ்கோவும் டண்டீயும் எஸ் சொல்லுச்சு, எல்லையை ஒட்டி இருக்கற ஸ்காட்டிஷ் பார்டர்ஸ், டம்ஃப்ரீஸ் ரெண்டு ஏரியாவுலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் நோ போட்டாங்க. அதுக்குப் பல காரணம் இருக்கும், நான் தினமும் பாக்கறது ஒண்ணு, எல்லையில இருக்கறவங்களுக்கு அந்தப் பக்கத்துல அக்கா வீடு இருக்கு, ஆட்டுச் சந்தை இருக்கு, வேலை இருக்கு, அது துணியில பின்னின நூல் மாதிரி, எதை இழுத்தா எது வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

எங்க ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்லிக்கறேன், பொறுத்துக்கோங்க. பழைய காலத்துல பெர்விக் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல பந்து மாதிரி உருண்ட ஊர், கடைசியா 1482ல இங்கிலாந்து கைக்கு வந்து அப்படியே தங்கிருச்சு. ஊர் ஃபுட்பால் டீம் பெர்விக் ரேஞ்சர்ஸ் இன்னிக்கு வரைக்கும் ஸ்காட்லாந்து டீம்களோடதான் ஆடுது. ட்வீட் ஆத்துல சால்மன் மீன் பிடிக்கற சட்டத்தைப் பாத்தீங்கன்னா இங்கிலாந்துக்குள்ள ஓடற ஆத்துக்கும் சேத்து ஒரே கமிஷன்தான் பாக்குது, மீனுக்கு எல்லை தெரியாதுன்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்கு புரிஞ்சிருக்கு. மருந்துச் சீட்டுக்கு ஸ்காட்லாந்துல 2011ல இருந்து காசு இல்ல, இங்க ஒரு மருந்துக்கு கிட்டத்தட்ட 10 பவுண்ட். ஸ்காட்லாந்துல 2018 மே மாசம் சாராயத்துக்கு குறைஞ்சபட்ச விலை வச்சாங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க கொஞ்சப் பேர் வண்டி எடுத்துட்டு இங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க. இன்கம் டாக்ஸ் கூட அப்படித்தான், ஒரே சம்பளம் வாங்கற ரெண்டு நர்ஸ், அவங்க வீடு எந்தப் பக்கம்னு பாத்து பிடிக்கறது மாறும். இதெல்லாம் ஒரே நாடா இருக்கறப்பவே இருக்கற வித்தியாசம், நாங்க பழகிட்டோம், சமாளிச்சுக்கறோம்.

ஆனா கோவிட் வந்தப்பதான் எல்லைன்னா என்னன்னு எங்களுக்கு முதல் தடவை உறைச்சுது. 2020 நவம்பர் 20ல இருந்து நியாயமான காரணம் இல்லாம ஸ்காட்லாந்துக்குள்ள வரவும் கூடாது வெளிய போகவும் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. அது நோய்க்காகப் போட்டது, தப்புன்னு சொல்லல, நானும் நர்ஸ்தான். எனக்கு வேலை இருந்ததால போக முடிஞ்சுது. ஆனா எங்க தெருவுல ஒரு பாட்டிக்கு மகள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஐமவுத்ல இருக்கா, கார்ல கால் மணி நேரம், அந்த மகள் ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பாக்க வர்றப்ப இது நியாயமான காரணம்தானே, போலீஸ் நிறுத்தினா என்ன சொல்றதுன்னு எங்கிட்ட கேட்டுட்டு வந்தா. அம்மாவைப் பாக்க காரணம் தேடணும்ங்கற நிலைமை, சில மாசம்தான், அதுவே அவளை அப்படி அலைக்கழிச்சுது.

தனி நாடானா ஆளுங்க போக வர தடை இருக்காது, பொதுப் பயண ஒப்பந்தம்னு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கே அதுலயே ஸ்காட்லாந்தும் இருக்கும்னு சொல்றாங்க. சரி, அது நடக்கலாம். ஆனா ஸ்காட்லாந்து திரும்ப ஐரோப்பிய யூனியன்ல சேந்தா சரக்குக்கு செக்கிங் வேணும்னு 2022 அக்டோபர்ல ஸ்காட்லாந்து அரசே அதோட பொருளாதார அறிக்கையில ஒத்துக்கிட்டாங்க. 154 கிலோமீட்டர் எல்லை, அதுல பெரிய ரோடு ரெண்டே ரெண்டு, கிரெட்னா பக்கம் ஒண்ணு, எங்க ஊரை ஒட்டிப் போற ஏ1 ஒண்ணு. நான் மார்த்தாண்டத்துப் பொண்ணு, களியக்காவிளை செக்போஸ்ட்ல லாரி வரிசையா நிக்கறதைப் பாத்து வளந்தவ, வாழைக்குலை வெயில்ல வாடிட்டு இருக்கும், டிரைவர் கீழ உக்காந்து பீடி குடிச்சிட்டு இருப்பார். அது ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு மாநிலம். ஐமவுத்ல பிடிக்கற நண்டும் மீனும் ஏ1ல தெற்க போகுது, இங்கிலாந்துல இருந்து மருந்தும் பாலும் வடக்க போகுது, அது ரெண்டு நாடா ஆனா எங்க நிக்கும், எவ்வளவு நேரம் நிக்கும், யார் செலவுன்னு நான் கேக்கறதுல தப்பு இருக்கா?

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு விஷயம், இதை யாரும் உங்க கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. ஆளுங்க போக வர தடை இல்லன்னு சொல்றாங்களே, அது யாருக்கு? நான் பெல்ஃபாஸ்ட்ல இருந்தப்ப வார்டுல எல்லாரும் சேந்து ஒரு சனிக்கிழமை டப்ளின் போலாம்னு பிளான் போட்டாங்க, ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம், எல்லைன்னு ஒரு கேட்டு கூட கிடையாது, ரோட்டுல கிலோமீட்டர் போர்டும் மைல் போர்டும் மாறும் அவ்வளவுதான். ஆனா அந்தத் தடை இல்லாத பயணம் பிரிட்டன், அயர்லாந்து குடிமக்களுக்கு. பிரிட்டன் வேலை விசாவுல இருந்த எனக்கு அயர்லாந்துக்கு தனியா விசா எடுக்கணும், எடுக்காம போனா அது சட்டப்படி தப்பு. கேட்டு இல்லாத எல்லையில எனக்கு மட்டும் கேட்டு இருந்துச்சு. அவங்க போயிட்டு வந்து போட்டோ காட்டினாங்க, நான் அன்னிக்கு எக்ஸ்ட்ரா டூட்டி பாத்தேன். நாளைக்கு ஸ்காட்லாந்து தனக்குன்னு விசா கொடுக்கற நாடா ஆச்சுன்னா, பெர்விக்ல வீடு எடுத்துட்டு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில வேலை பாக்கற தங்கச்சிங்க, கார்லைல்ல இருந்துட்டு டம்ஃப்ரீஸ் போற தம்பிங்க, அவங்க விசா எந்த நாட்டோடது? கிளாஸ்கோவுல படிச்சிட்டு நியூகாஸில்ல வேலை கிடைச்ச பையன் எந்த வரிசையில நிக்கணும்? ஸ்காட்லாந்து விசாவை இளகலா வச்சு நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வழி திறந்து விடலாம், அது நல்ல விஷயம்தான், நானே வரவேற்பேன், ஆனா அது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும்.

வட அயர்லாந்து பேச்சு வந்ததால அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், அது பிரிட்டனோட பாகம், அதை ஒட்டி இருக்கற அயர்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இருக்கற தனி நாடு, ஏன்னா பக்கத்து வீட்டைப் பத்தி யோசிக்காம ஓட்டு போட்டா என்ன ஆகும்னு நாம கண்ணால பாத்தது அங்கதான். 2016 ஜூன்ல பிரெக்ஸிட் ஓட்டு, பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வரணுமான்னு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும், வேற வேற கட்சி, ரெண்டு பேரும் ஒண்ணா வட அயர்லாந்துல டெர்ரிக்குப் போய் அயர்லாந்து எல்லையையும் சமாதானத்தையும் நினைச்சுப் பாருங்கன்னு சொன்னாங்க. இங்க எங்க ஊர்ல அதைப் பத்தி ஒருத்தர் கூட வீட்டு வாசல்ல வந்து பேசல, வெளிய வந்தா மிச்சமாகும்னு பிரசார பஸ்ஸுல எழுதின பணக் கணக்குதான் பேச்சு. ஓட்டு முடிஞ்சுது, வட அயர்லாந்துல 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியன்லயே இருக்கலாம்னு சொல்லியும் வெளிய வந்தாச்சு, அடுத்த நாளே அப்ப அங்க துணை முதலமைச்சரா இருந்த மார்ட்டின் மெகின்னஸ் அயர்லாந்து ஒண்ணாகறதுக்கு ஓட்டு வைங்கன்னு கேட்டார். அப்புறம் அந்த 500 கிலோமீட்டர் எல்லையை என்ன பண்றதுன்னே வருஷக் கணக்கா அடிச்சுக்கிட்டாங்க, பிரதமர் தெரசா மே பதவி அதுலயே போச்சு, கடைசியில எல்லையைத் தூக்கி கடல்ல வச்சாங்க, அதாவது பிரிட்டன்ல இருந்து வட அயர்லாந்து போற சரக்கைத் துறைமுகத்துல செக் பண்ண ஆரம்பிச்சாங்க. 2021 பிப்ரவரியில லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகத்துல செக்கிங் பண்ற ஊழியர்களுக்கு மிரட்டல்னு வேலையையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க. 2022 பிப்ரவரியில இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் ரெண்டு வருஷம் வட அயர்லாந்து சட்டசபை இருக்கற ஸ்டார்மாண்ட்ல ஒழுங்கா ஒரு அரசே இல்ல. எங்கூட வேலை பாத்த பெல்ஃபாஸ்ட் அக்கா அந்த ரெண்டு வருஷமும் போன் பண்றப்ப எல்லாம் சம்பள உயர்வு எப்ப வரும்னே தெரியல, கையெழுத்து போட மந்திரி இல்லன்னு சொல்வாங்க. கென்ட்லயும் எசெக்ஸ்லயும் போட்ட ஓட்டு பெல்ஃபாஸ்ட் நர்ஸோட சம்பளத்துல வந்து நின்னுச்சு.

இப்ப ஸ்காட்லாந்து ஓட்டை அந்த இடத்துல வச்சுப் பாருங்க. வட அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல கடல் ஒரு இடத்துல 20 கிலோமீட்டர்தான், நல்ல வெயில் அடிச்சா ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில இருந்து அந்தக் கரை தெரியும். 1600கள்ல ஸ்காட்லாந்துல இருந்து போய் குடியேறினவங்களோட வாரிசுங்க அங்க இருக்கற புராட்டஸ்டன்ட் மக்கள்ல பெரிய பங்கு, அவங்களுக்கு பிரிட்டன்னா லண்டன் இல்ல, ஸ்காட்லாந்துதான். 2014ல ஓட்டுக்கு அஞ்சு நாள் முன்னாடி எடின்பரோவுல ஆரஞ்சு ஆர்டர்னு பிரிட்டனோடயே இருக்கணும்னு சொல்ற புராட்டஸ்டன்ட் அமைப்போட ஊர்வலம் போச்சே, அதுல கடல் தாண்டி வந்தவங்களும் நடந்தாங்க, ஓட்டு இல்லாதவங்க கால் வலிக்க நடந்தாங்கன்னா அவங்களுக்கு எவ்வளவு பயம்னு யோசிங்க. ஸ்காட்லாந்து போயிட்டா நாம யாரோட சேந்து இருக்கோம்ங்கற கேள்வி அவங்களுக்கு வரும். அந்தப் பக்கம் அயர்லாந்தோட சேரணும்ங்கற தேசியவாதிகளுக்கு, பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், அதே நாள் நம்பிக்கை வரும். வட அயர்லாந்துச் சண்டையை நிறுத்தின 1998 குட் ஃப்ரைடே சமாதான ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு, அயர்லாந்தோட சேர பெரும்பான்மை விரும்பற மாதிரி தெரிஞ்சா லண்டன் மந்திரி ஓட்டு வைக்கணும்னு. 2021 சென்சஸ்ல கத்தோலிக்கப் பின்னணி உள்ளவங்க 45.7, புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5 சதவீதம், முதல் தடவையா கணக்கு மாறிருச்சு. எடின்பரோவுல போடற ஒரு சீட்டு அந்தத் தராசுல போய் விழும். அது நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல மாட்டேன், அங்க ரெண்டு பக்கமும் எனக்கு சாப்பாடு போட்டவங்க இருக்காங்க. தராசு ஆடறப்ப யாராவது பிடிக்க ஆள் இருக்கணும், அதுதான் என் கவலை.

சரக்கு விஷயத்துல இன்னும் சிக்கல். இங்கிலாந்துல இருந்து வட அயர்லாந்து போற லாரி நிறைய கிரெட்னா வழியா ஸ்காட்லாந்துக்குள்ள போய், கெய்ர்ன்ரயன் துறைமுகத்துல ஃபெர்ரி பிடிச்சு ரெண்டு மணி நேரத்துல லார்னோ பெல்ஃபாஸ்டோ போகுது. ஸ்காட்லாந்து ஐரோப்பிய யூனியன்ல சேந்தா வட அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இப்ப இருக்கற செக்கிங் தளர்ந்து போகும், அது அவங்களுக்கு லாபம், ஆனா இங்கிலாந்து லாரிக்கு செக்கிங் கிரெட்னாவுக்கு வந்துரும். அப்புறம் கேஸ், கரன்ட். வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் கடலுக்கடியில போற கேஸ் பைப் எல்லாம் ஸ்காட்லாந்து மாஃபட் பக்கத்துல இருந்துதான் கிளம்புது, அயர்லாந்து எரிக்கற கேஸ்ல பெரும்பங்கு அந்த வழிதான். ஏர்ஷரில இருந்து வட அயர்லாந்துக்கு 500 மெகாவாட் கரன்ட் கேபிள் ஒண்ணு கடலுக்கடியில போகுது. யாரும் வால்வை மூடப் போறது இல்ல, ஆனா குளிர்காலத்துல தட்டுப்பாடு வந்தா யாருக்கு முதல்லன்னு முடிவு பண்றது எந்த நாட்டு அதிகாரின்னு எழுதி வைக்கணும்ல? பாகம் பிரிக்கறப்ப நம்ம தாத்தாங்க கிணத்துல யாருக்கு எந்தக் கிழமை தண்ணின்னு எழுதாம கையெழுத்து போட்டதே இல்ல.

வேல்ஸ் பத்தி யாரும் பேசவே மாட்டாங்க, எனக்கு அது வருத்தம். 2014ல லண்டன் பார்லிமென்ட்ல 650 எம்பி, அதுல ஸ்காட்லாந்து 59, இங்கிலாந்து 533. ஸ்காட்லாந்து எம்பிங்க எழுந்து போயிட்டா மிச்சம் இருக்கற 591ல இங்கிலாந்து மட்டும் நூத்துக்கு தொண்ணூறு. வேல்ஸும் வட அயர்லாந்தும் அந்த வீட்டுல ஓரமா உக்காந்திருக்கற ரெண்டு சின்னப் பிள்ளைங்க மாதிரி ஆயிரும், லண்டன்ல இருந்து அவங்களுக்குப் பணம் பிரிக்கற கணக்கை அப்ப யார் அவங்களுக்காகப் பேசுவாங்க? பவுண்டை ஸ்காட்லாந்தோட பங்கு போடறதுன்னா எங்க சம்மதமும் வேணும்னு அப்ப வேல்ஸ் முதலமைச்சரா இருந்த கார்வின் ஜோன்ஸ் கேட்டார், கேட்டது நியாயம். ஸ்காட்லாந்துல ஃபாஸ்லேன்ல இருக்கற அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களை வெளிய அனுப்பணும்ங்கறது எஸ் பக்கத்தோட கொள்கை, எனக்கும் அணுகுண்டு பிடிக்காது, ஆனா அங்கிருந்து போனா எங்க போகும்? வேல்ஸ்ல மில்ஃபர்ட் ஹேவனா, இங்கிலாந்துல பிளைமவுத்தா? அந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு ஓட்டு இல்ல.

 

எனக்கு மனசுல ரொம்ப உறுத்தறது ஆஸ்பத்திரி விஷயம். பிரிட்டன் முழுக்க குழந்தைகளுக்கு இதய மாற்று ஆபரேஷன் பண்றது ரெண்டே இடம், லண்டன் ஒண்ணு, நியூகாஸில் ஒண்ணு. இன்வர்னஸ்ல பிறந்த குழந்தையா இருந்தாலும் அங்கதான் போகணும். உறுப்பு தானம் பிரிட்டன் முழுக்க ஒரே லிஸ்ட், பிரிஸ்டல்ல இறந்தவரோட இதயம் அபர்டீன் குழந்தைக்குப் பொருந்தினா ராத்திரியோட ராத்திரியா வரும். ரெண்டு நாடானாலும் இதை ஒப்பந்தம் போட்டுத் தொடரலாம், மத்த நாடுகள் அப்படிப் பண்ணிக்கறாங்க, யாரும் குழந்தையைத் திருப்பி அனுப்ப மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த ஒப்பந்தம் ஓட்டுக்கு முன்னாடி எழுதினதா பின்னாடி எழுதினதாங்கறதுல வித்தியாசம் இருக்கு. லிஸ்ட்ல காத்திருக்கற ஒரு அம்மாகிட்ட, பேச்சுவார்த்தை நடக்குது பொறுத்திருங்கன்னு சொல்ல வேண்டியது கடைசியில என்னை மாதிரி ஒரு நர்ஸ்தான்.

நீங்க திருப்பிக் கேப்பீங்க, 2016ல ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஐரோப்பிய யூனியன்லயே இருக்கணும்னு சொல்லுச்சு, எங்களை யாராவது நினைச்சாங்களா, இப்ப மட்டும் நாங்க ஏன் பக்கத்து வீட்டைப் பாக்கணும்னு. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அந்தக் கோபம் நியாயம். இங்கிலாந்துல இருக்கறவங்க உங்களை நினைக்கல, உண்மை. என் தெருவுலயும் நினைக்கல. அந்த வலி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்கங்கற ஒரே காரணத்துக்காகத்தான் உங்க கிட்ட கேக்கறேன், லண்டன் கிட்ட கேக்கறதை விட உங்க கிட்ட கேக்கறது எனக்கு நம்பிக்கையா இருக்கு.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். 2014ல பதில் இல்லாம போனதுக்கு எஸ் பக்கம் மட்டும் காரணம் இல்ல. ஓட்டு முடியற வரைக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாதுன்னு லண்டன் அரசு பிடிவாதமா நின்னுச்சு. எந்த ரிசல்ட் வந்தாலும் அடுத்து என்ன நடக்கும்னு ரெண்டு அரசும் சேந்து மக்களுக்குத் தெளிவா சொல்லுங்கன்னு எலக்டோரல் கமிஷனே 2013ல கேட்டுச்சு, ஆனா எல்லைக்கும் பணத்துக்கும் பதில்னு எங்க கைக்கு ஒண்ணும் வரல. பவுண்டைப் பங்கு போட மாட்டோம்னு அப்ப நிதி மந்திரியா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியில எடின்பரோ வந்து சொல்லிட்டுப் போனார், அது சும்மா மிரட்டல்னு எஸ் பக்கம் சொன்னாங்க, நடுவுல ஜனங்களுக்கு எது நிஜம்னே தெரியல. இருட்டுல வச்சு பயமுறுத்தறதும் தப்பு, வெளிச்சம் இல்லாமலே எல்லாம் சரியாயிரும்னு சொல்றதும் தப்பு.

முடியாத காரியம் எதுவும் நான் கேக்கல. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரியில ரெண்டானப்ப சுங்கம், வேலைக்குப் போய் வர்றது எல்லாத்துக்கும் முன்னாடியே ஒப்பந்தம் போட்டு வச்சிருந்தாங்க, ஒரே பணம் வச்சுக்கலாம்னு போட்டது மட்டும் ஆறு வாரம் கூட நிக்கல, ஆனா மத்ததெல்லாம் எழுதி இருந்ததால எல்லையோரத்து ஜனங்க தப்பிச்சாங்க. அயர்லாந்து விஷயத்துல, ஓட்டுக்கு முன்னாடியே திட்டம் போட்டு மக்கள் முன்னாடி வைங்கன்னு யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல ஒரு ஆய்வுக் குழு 2021ல எழுதிக் கொடுத்துச்சு. அதையே ஸ்காட்லாந்துக்கும் பண்ண என்ன தடை?

அதனால உங்க கிட்ட கேக்கறது இவ்வளவுதான். அடுத்த தடவை கட்சிக்காரங்க ஓட்டு கேட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, எஸ்காரங்களும் வருவாங்க நோக்காரங்களும் வருவாங்க, ரெண்டு பேர் கிட்டயும் இதையே கேளுங்க. எல்லையில சரக்கு எங்க நிக்கும், அந்தப் பக்கம் வேலைக்குப் போறவங்க விசா என்ன ஆகும், ஆஸ்பத்திரி லிஸ்ட் என்ன ஆகும், பெல்ஃபாஸ்டுக்கும் கார்டிஃபுக்கும் யார் போய்ப் பேசினாங்க, இதுக்கெல்லாம் ரெண்டு அரசும் சேந்து கையெழுத்து போட்ட ஒரு காகிதம் ஓட்டு நாளுக்கு முன்னாடி வருமா வராதா. வராதுன்னா ஏன்னு கேளுங்க. உங்க எம்எஸ்பிக்கு, அதான் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் உறுப்பினருக்கு, ஒரு மெயில் போடுங்க, தமிழ்ச் சங்கத்துல பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கவுன்சிலர், எம்பின்னு கூப்பிட்டு பொன்னாடை போத்தறோமே, மைக்கை அவங்க கையில கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. தமிழாளுங்க வந்து நார்த்தம்பர்லாந்தைப் பத்தியும் லார்னைப் பத்தியும் கேக்கறாங்களேன்னு அவங்க ஒரு நிமிஷம் நிமிந்து பாப்பாங்க.

புதுசா வேலை விசாவுல வந்திருக்கற தம்பி தங்கச்சிங்க, உங்களுக்கும் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் எலக்‌ஷன்ல ஓட்டு உண்டு, பேரைப் பதிஞ்சு வைங்க, நிறைய பேர் நமக்கு எங்க ஓட்டுன்னு நினைச்சு விட்டுடறீங்க. நீங்க எந்தப் பக்கம் போட்டாலும் சரி.

ஐமவுத் மகள் இப்பவும் ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்கு வர்றா, மீன் கொண்டு வருவா, எனக்கும் ரெண்டு ஹாடக் கொடுப்பா, நான் மார்த்தாண்டம் ஸ்டைல்ல தேங்கா அரைச்சு குழம்பு வச்சு ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்து விடுவேன். போன வாரம் வந்தப்ப, திரும்ப ஓட்டு வந்தா நீ என்ன போடுவன்னு கேட்டேன். இந்த ரோடு என்ன ஆகும்னு முதல்ல யாராவது சொல்லட்டும், அப்புறம் முடிவு பண்றேன்னா.

அன்போட,
ட்வீட் ஆத்தங்கரையில இருந்து
உங்க நர்ஸ் அக்கா